அம்பாசடர் வெள்ளை

அத்தியாயம் 9

"இருமுங்க மாமா, ஜல்தி இருமுங்க!" என்று கலைமதி மாமனாரின் காதோரம் கிசுகிசுத்தாள்.

வேங்கடேசன் வாயிலிருந்த இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டு, மேஜைமேல் கிடந்த செல்போனைப் பார்த்து லொக்கு லொக்கென்று இருமினார். அறுபத்தாறு வயதில் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஒரு தும்மல்கூடக் கிடையாது. மகளுக்காக மூன்று நாளாக இந்த வேஷம்.

"ஐயையோ, இன்னும் சளி கரையலியா சம்பந்தி?" ஸ்பீக்கரில் ஜெயத்தின் குரல் கணீரென்று வந்தது. "ஆடாதோடை போட்டுக் கஷாயம் வெச்சுக் குடிங்க. அரசி, பக்கத்துலதான இருக்கிற? நான் இன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்குக் கிளம்பறேன்."

இளவரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாளைக்குத்தான வர்றேன்னீங்க அத்தை?"

"எங்க அக்கா வீட்டுல பதினாறு பேருக்கு ஒரே ஃபேனு. காது குத்திக்கின கொழந்தைகூட நல்லா தூங்குது, எனக்குத்தான் கண்ணு மூடல. நீயும் வந்துரு. சம்பந்தியை உங்க அண்ணி பாத்துக்கும்."

போன் அணைந்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இந்த இருமலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இளவரசி விழுப்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டு ஐந்து மாதம் ஆகிறது. அவள் மாமியார் ஜெயத்தின் கண்ணாடி அலமாரியில் ஒரு பீங்கான் தாம்பாளம் உண்டு. வெள்ளைப் பீங்கான், விளிம்பைச் சுற்றி நீலப் பூக்கொடி. அந்த வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் வெற்றிலை பாக்கு அதில்தான். "என் மாமியா குடுத்து முப்பது வருஷம் ஆவுது, என் கையில ஒரு கீறல் விழல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஜெயம் சொல்வாள். நம் இளவரசி என்ன செய்தாள்? யாரும் இல்லாத நேரம் பார்த்து அதை எடுத்து, மல்லாட்டை உருண்டையை, அதாவது வேர்க்கடலை உருண்டையை அடுக்கி, செல்போனில் அழகாகப் படம் பிடித்தாள். அப்புறம் கழுவும்போது குழாய் மூக்கில் இடித்துவிட்டாள். விளிம்பில் ஐந்து ரூபாய்க் காசளவு துண்டு பெயர்ந்து சாக்கடையோடு போய்விட்டது.

மாமியார் திருவெண்ணெய்நல்லூருக்குக் காதுகுத்துக்குக் கிளம்பினாளோ இல்லையோ, இவள் தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு ஓடிவந்துவிட்டாள். வேறு எங்கே போவாள்? உடைந்த பீங்கானுக்குப் பழைய முகத்தைக் கொடுப்பதுதானே அவள் அண்ணி கலைமதியின் தொழில்!

பைபாஸ் ஓரத்தில் முன்பக்கம் இளவரசியின் அண்ணன் செல்வகுமாரின் கார் பெயின்டிங் பட்டறை. பின்பக்கத்து ஷெட் கலைமதியுடையது. காரில் பள்ளம் அடைக்கிற பட்டியும், மேலே அடிக்கிற பெயிண்டும் பீங்கானுக்கும் பழகும் என்று கண்டுபிடித்தவள் அவள். புதுச்சேரி ஹோட்டல்களிலிருந்து மூக்குடைந்த டீ கெண்டிகளும், விளிம்பு போன சூப் கிண்ணங்களும் அட்டைப்பெட்டியில் வைக்கோலோடு வந்து இறங்கும். இன்றைக்கு செல்வகுமார் ஒரு வண்டியை ஒப்படைக்கச் சென்னை போயிருந்தான்.

"முடியுமா அண்ணி?" இளவரசியின் கண் அதற்குள் கலங்கிவிட்டது. "முடியலன்னா நான் அந்த வீட்டுல தலை நிமிர முடியாது. ஏற்கெனவே கோலம் கோணலு, கேப்பைக் களி கட்டி. இதுல தட்டும் உடைஞ்சுதுன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

"அழுவாத. பட்டி காஞ்சு கல்லு மாதிரி நிக்குது. இன்னிக்கு மேல்பூச்சு மட்டும்தான்."

மட்டும்தான் என்று சொல்லிவிட்டாள். ஆனால் அதில்தான் ஆளை முழுங்குகிற வேலை இருக்கிறது. உடைந்த துண்டை யாரும் ஒட்டிவிடலாம். ஒட்டியதே தெரியாமல் பீங்கானின் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம். கலைமதி வாட்டர் பேப்பர் என்கிற நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பட்டி அடைத்த இடத்தைப் பூப்போலத் தேய்த்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் இழுத்துப் பார்த்தாள். நகம் எங்கேயும் மாட்டவில்லை.

"இப்ப தின்னர்ல தொடச்சு எடுத்தா பெயிண்ட் அடிச்சிரலாம்," என்று பஞ்சை எடுத்தாள்.

தேய்த்த இடத்தைத் துடைத்தவள், கை சும்மா இருக்காமல் விளிம்பை ஒரு சுற்று துடைத்தாள். எதிர்ப்பக்கம் போனபோது பஞ்சு பால் போல வெளுத்தது. நீலமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணி! பூவைக் காணோம்!" என்று அலறினாள் இளவரசி. "இருந்ததையும் அழிச்சுட்டீங்களே!"

கலைமதி பஞ்சைச் சட்டென்று எடுத்துவிட்டாள். அப்புறம் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பீங்கான் மெருகு சூளையில வெந்ததுடி. தின்னருக்கெல்லாம் அசையாது. அசையுதுன்னா, இது யாரோ கையால பூசின பெயிண்டு."

இன்னும் கொஞ்சம் துடைத்தாள். வெற்றிலை அளவுக்கு ஒரு துண்டு, அதைச் சுற்றிப் பழுப்பேறிய பழைய பசைக் கோடு. இந்தத் தட்டு ஏற்கெனவே ஒரு முறை உடைந்திருக்கிறது!

கலைமதி பஞ்சை மூக்கருகே கொண்டுபோனாள். விரலில் தேய்த்தாள். "இந்த வெள்ளை எனக்குத் தெரியும். அம்பாசடர் வெள்ளை. அந்தக் காலத்துல கவர்மென்ட் வண்டிக்கெல்லாம் அடிச்சது. நம்ம பரண்ல இன்னும் அரை டப்பா இருக்குது."

யாரும் சொல்லாமலே வேங்கடேசன் இருமினார்.

இரண்டு பெண்களும் மெல்லத் திரும்பினார்கள். அவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா?"

"என்னை ஒண்ணும் கேக்காதீங்கம்மா. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"யாருக்குப்பா?"

"உன் மாமியாருக்குத்தான்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வந்த வார்த்தையை விழுங்க முடியுமா? மீதியையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. ஓமந்தூரில் இருக்கும் தாய் வீட்டுக்கு வந்த சாக்கில், ஜெயம் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு, அப்போது வேங்கடேசன் நடத்திய இதே பட்டறை வாசலில் வந்து நின்றாளாம். அவள் யார், எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள், இவருக்கு ஒன்றும் தெரியாது. "இது என் மாமியாருக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுல வெக்காது அண்ணே" என்று ஒரே அழுகை. இவரும் மனசு கேட்காமல், கையிலிருந்த கார் பெயிண்டை அடித்து, நீலப் பூவையும் தானே வரைந்து, யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியமும் செய்து கொடுத்து அனுப்பிவிட்டார்.

"உன்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க பாரு, அப்பத்தான் மறுபடியும் பாக்கறேன். வாசல்ல என்னைப் பாத்ததும் அந்தம்மாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. நான் ஒண்ணும் காட்டிக்கல. 'வாங்க, முதல் தடவையா வர்றீங்க, வழி சரியா தெரிஞ்சுதா'ன்னு கேட்டு உள்ள கூட்டிக்கினு போனேன்."

இளவரசிக்கு முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு கீறல் விழலியாமே! அம்மாடி, எத்தினி தடவை சொல்லியிருப்பாங்க!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவளுக்குச் சட்டென்று முகம் வாடிவிட்டது.

"அப்ப என்னைப் புடிச்சுப்போயி கட்டிக்கல. நீ வாயைத் தொறந்துருவன்னு பயந்துக்கினு கட்டிக்கினாங்க. அப்பிடித்தான்ப்பா?"

"அடப் போடீ, பேஜாரு புடிச்சவளே," என்றார் வேங்கடேசன். ஆனால் பேப்பரை மறுபடி முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அவரும் அதை யோசித்திருப்பார் போலிருக்கிறது.

"சண்டைய பஸ்ஸுல வெச்சுக்கலாம்," என்றாள் கலைமதி. "ஒரு வேலை இப்ப ரெண்டாயிருச்சு. ரெண்டு பேரும் கொஞ்சம் நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

பழைய ஒட்டு கெட்டியாகத்தான் இருந்தது. மேலே இருந்த பட்டிதான் ஒரு பக்கம் லேசாக மேடு தட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

"என்னா மாமா, இவ்ளோ மேடா விட்டிருக்கீங்க?"

"அன்னிக்கு கரன்ட் இல்லம்மா!" என்று ரோஷமாகச் சொன்னார் மாமனார்.

கலைமதி மேட்டைத் தேய்த்துச் சமமாக்கினாள். அடுத்தது வெள்ளை. பார்க்கிறவர்களுக்கு வெள்ளை ஒன்றுதான், பெயிண்டருக்கு நூறு வெள்ளை. இந்தப் பீங்கானின் வெள்ளையில் நீலம் கொஞ்சம் ஓடியது. அவள் ஓர் ஓட்டுத் துண்டில் கலந்து கலந்து பார்த்தாள். மூன்றாவது கலவையை வேங்கடேசன் தள்ளி நின்று பார்த்து, "பச்சை அடிக்குது" என்றார். ஐந்தாவதில் ஊசிமுனை அளவு கறுப்பைத் தொட்டு வைத்தாள். அதை விளிம்பில் தடவியதும் எது பீங்கான், எது பட்டி என்று அவளுக்கே தெரியவில்லை. நாலு மயிர் மட்டும் நிற்கும் பிரஷால் நீலக்கொடியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இழுத்தாள். மூன்று பூ, ஏழு இலை. இளவரசி அதுவரை மூச்சே விடவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு மேல்மெருகு அடித்தாள். பெயிண்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பைக் கொடுப்பது அதுதான். அடித்து முடித்து காம்ப்ரசரை நிறுத்தினால், தகரக்கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டது.

மழை! பத்தே நிமிடத் தூறல்தான். ஆனால் ஈரக்காற்று உள்ளே புகுந்ததும், பளபளவென்று இருந்த மெருகு பால் ஊற்றியதுபோல மங்கிப் போனது.

"பூத்துப்போச்சு," என்று சொல்லிவிட்டு கலைமதி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவள்.

"அவ்ளோதானா அண்ணி?" இளவரசி தட்டைக் குனிந்து பார்த்தாள். "பரவால்ல விடுங்க. நான் போய் உள்ளதைச் சொல்லிடறேன். அவங்க திட்டட்டும்."

கலைமதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். தன் கல்யாணத்தில் பாவாடையை மிதித்து விழுந்து எழுந்து ஓடிய சின்னப் பெண் அது. அவள் தலைகுனிய விடுவதா என்று வீம்பு வந்துவிட்டது.

"யாரு சொன்னா அவ்ளோதான்னு? மாமா, அந்தப் பொட்டியைப் போடுங்க!"

பெட்டி என்பது ஒரு செத்துப்போன ஃபிரிட்ஜ். உள்ளே நூறு வாட் பல்பு இரண்டு எரியும். தட்டை அதற்குள் வைத்து ஈரத்தை விரட்டினாள். அப்புறம் வெளியே எடுத்து, மெதுவாகக் காயும் தின்னரைப் பனிபோல ஒரே ஒரு கை விசிறினாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். பால் மெல்ல மெல்ல விலகியது. அடியிலிருந்து நீலப்பூ ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று வேங்கடேசன் கைதட்டினார். சீக்காளி என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

"ரொம்ப ஆடாதீங்க," என்றாள் கலைமதி. "இது தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும். அழுத்தினா அவ்ளோதான், கைரேகை விழுந்துரும். நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் மேல விரல் வெக்கக் கூடாது."

தட்டை எப்படிக் கொண்டுபோவது? துணியில் சுற்ற முடியாது, காகிதம் ஒட்டும். பக்கத்து பேக்கரியில் ஒரு பெரிய கேக் பெட்டி வாங்கி, அடிப்பாகத்தை மட்டும் தாங்கும்படி உள்ளே உட்காரவைத்தாள். வேங்கடேசன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க எங்க கிளம்பறீங்க? உங்களுக்குச் சளி," என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். பாவம், மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

விழுப்புரம் பஸ்ஸில் கலைமதியின் மடியில் பெட்டி. அது ஆடாமல் இருக்க அவள் இரண்டு கால்களையும் முன் சீட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள்.

"யாருக்கும்மா பொறந்த நாளு?" பக்கத்து சீட்டில் கீரைக்கட்டோடு இருந்த அம்மாள் கேட்டாள்.

"என் மாமியாருக்கு," என்று இளவரசி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"மாமியாருக்குக் கேக்கு வாங்கிக்கினு போறியா? மகராசி, நல்லா இருப்ப," என்று அந்த அம்மாள் நெட்டி முறித்தாள். கலைமதி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

விக்கிரவாண்டி தாண்டியதும் இளவரசி ஆரம்பித்தாள். "இன்னிக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். அம்பாசடர் வெள்ளையைப் பத்தி அங்கயே சொல்லிடறேன். நானும் எத்தினி நாளைக்கு வாயை மூடிக்கினு இருக்கறது?"

"மாமா சத்தியம் பண்ணிருக்காரு."

"அப்பாதான் பண்ணாரு. நான் பண்ணல."

கலைமதி பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் ஜெயத்தின் செருப்பு கிடந்தது. இளவரசியின் புருஷன் ராஜ்குமார் பைக்கில் போய் அம்மாவை முன்னதாகவே அழைத்துவந்து விட்டுவிட்டு, வேலைக்குத் திரும்பியிருந்தான்.

ஜெயம் ஹாலில் கண்ணாடி அலமாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தாங்கி மட்டும் உள்ளே நின்றது, தட்டு இல்லை.

"வாம்மா கலைமதி," என்றாள். குரலில் சுரத்தே இல்லை. "அரசி, தட்டு எங்க? அது என்னா கேக்கு?"

இளவரசி பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்துத் திறந்தாள். வார்த்தை தடுமாறவில்லை.

"நான்தான் அத்தை உடைச்சுட்டேன். உங்களைக் கேக்காம எடுத்தேன், கழுவும்போது குழாயில இடிச்சுட்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னதும் பொய்தான். அண்ணிதான் சரிபண்ணிக் குடுத்தாங்க. திட்டுறதா இருந்தா என்னை மட்டும் திட்டுங்க."

கலைமதி அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். பஸ்ஸில் வந்த வேகத்துக்கு அது இப்போது வந்திருக்க வேண்டும். வரவில்லை. இளவரசி உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு நின்றாள்.

ஜெயம் திட்டவில்லை. எங்கே உடைந்தது என்றுகூடக் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். அவள் வலதுகை ஆட்காட்டி விரல் நேராகப் போய் நின்ற இடம் இளவரசி உடைத்த இடமல்ல. அதற்கு எதிர்ப்பக்கம்.

'ஐயோ, அழுத்தாதீங்க' என்று கலைமதிக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. எப்படிச் சொல்வாள்? அங்கே ஏன் தொடக்கூடாது என்று கேட்டால் என்ன சொல்வது?

இருபத்திரண்டு வருஷமாகத் தனக்கு மட்டும் தெரிந்த அந்தச் சின்ன மேட்டை ஜெயத்தின் விரல் தேடியது. இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேடியது. அப்போதும் இல்லை. விரலை எடுத்தபோது, புது மெருகின்மேல் அவளுடைய ரேகை அச்சு அசலாகப் பதிந்திருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"உங்கப்பா சொல்லிட்டாரா?" என்றாள் ஜெயம்.

"தின்னரு காட்டிக் குடுத்துருச்சு அத்தை. அப்பா இருமினாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

ஜெயத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபோது அதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இளவரசி மெதுவாகக் கேட்டாள். "அப்பா வெளிய சொல்லிருவாரோன்னு பயந்துக்கினுதான் என்னைக் கட்டிக்கினீங்களா அத்தை?"

"பைத்தியமே! பயந்திருந்தா அதுக்கப்புறம் உங்க தெருப்பக்கமே எட்டிப் பாத்திருக்க மாட்டேன்." ஜெயம் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "அத்தினி வருஷம் ஆகியும் தெரியாத மாதிரி வாங்கன்னு கூப்பிட்டாரே, அந்த மனுசன் வளத்த பொண்ணு எப்பிடி இருக்கும்னு நெனச்சேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன். இப்பகூடப் பாரு, உன் தப்பைத்தான் சொன்ன. என் தப்பை நீ சொல்லல."

இளவரசி அவள் தோளில் சாய்ந்து அழுதேவிட்டாள். ஐந்து மாதத்தில் முதல் முறை அந்தத் தோளில் சாய்கிறாள்.

"ரேகையை நாளைக்குத் தேய்ச்சு எடுத்துரலாம், கவலைப்படாதீங்க," என்று கலைமதி தொழில்காரியாகச் சொன்னாள்.

ஜெயம் முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு எழுந்துபோய்த் தெருக்கதவைத் தாழ் போட்டாள். சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய புடவை மூட்டையை இழுத்து வந்து தரையில் வைத்தாள். அவிழ்த்தால், உள்ளே பீங்கான் சில்லுகள். அதே வெள்ளை, அதே நீலப் பூக்கொடி.

"தட்டு ஒண்ணு இல்ல கலைமதி. ஜோடி. இன்னொண்ணு ஓமந்தூர்ல எங்கம்மா வீட்டுல இருக்குதுன்னு உன் மாமனாரைக்கூட நம்ப வெச்சிருக்கேன்டி அரசி. இதை ஒட்ட முடியுமா?"

கலைமதி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கை தானாக வேலையில் இறங்கியது. சில்லுகளை விளிம்பு பார்த்து, பூ பார்த்து ஒன்றோடொன்று சேர்த்து வைத்தாள். பதினொரு சில்லும் வைத்தாகிவிட்டது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை.

"ஒரு சில்லு இல்லியே. தொலைஞ்சுபோச்சா?"

"தொலையல." ஜெயம் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு ரெண்டு தட்டும் ஒண்ணாத்தான் விழுந்துச்சு. நான் பொறுக்கிக்கினு இருக்கும்போது ஒருத்தங்க உள்ள வந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. அந்த ஒரு சில்லை மட்டும் எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கினு போயிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் குடுக்கவும் இல்ல, யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. நல்லது கெட்டதுக்கு வந்தா என்னைப் பாத்து லேசா சிரிப்பாங்க, அதோட சரி. நானும் அவங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிக்கினே இருபத்திரெண்டு வருஷம் ஓட்டிட்டேன்."

"யாரு அத்தை?"

"உன் மாமனாரோட அக்கா. கெடார்ல இருக்கிற ராஜாமணி அண்ணி."

இளவரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜெயம் சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஐந்து மாதத்தில் மருமகளிடம் அவள் ஓர் உதவியும் கேட்டதில்லை.

"கேட்டு வாங்கணும். தனியா போவ எனக்குப் பயமா இருக்குது. நீ கூட வர்றியா அரசி?"

"கெடாருக்கு முதல் பஸ்ஸு எத்தினி மணிக்கு அத்தை?" என்றாள் இளவரசி.